பின் சில்லின் நட்டை யார் பார்ப்பது?

மட்டக்களப்பில் வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுக்குப் போகிற வீதியிலோ, மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைக்குப் போகிற வீதியிலோ, கடையோரம் நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிள்களின் பின் சில்லைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அச்சு நட்டைக் காக்க வேண்டிய ஸ்பிளிட் பின் (பூட்டு ஊசி) பலவற்றில் இருக்காது. சிலவற்றில் அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பி சுற்றியிருக்கும். நட்டின் மூலைகள் சுத்தியல் அடியில் மழுங்கிப் போயிருக்கும். அதே பைக்கில்தான் மனைவியும் நடுவில் பிள்ளையுமாக ஏறி, கிறவல் வீதியில் இருபது கிலோமீற்றர் போகிறோம்.

இந்தத் தவறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. காற்றுப் போகிறது, வீதியோரக் கடையில் சில்லைக் கழற்றி டியூப் ஒட்டுகிறார்கள், அவசரத்தில் பூட்டுகிறார்கள். “தம்பி, ஸ்பிளிட் பின் போடல்லையா?” என்று கேட்டால், “அது தேவையில்லை அண்ணன், நல்லா இறுக்கிட்டன்” என்று பதில் வரும். காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம். சில நாளில் செயின் தொய்கிறது. மறுபடி கடைக்குப் போய்ச் செயினை இழுக்கச் சொல்கிறோமே தவிர, அது ஏன் இவ்வளவு சீக்கிரம் தொய்ந்தது என்று கேட்பதில்லை. அச்சு நட்டு தளர்ந்ததற்கு முதல் அறிகுறியே அதுவாக இருக்கலாம்.

அந்த நட்டின் வேலை சில்லு கழன்று விழாமல் தடுப்பது மட்டுமல்ல. பின் சில்லைத் தாங்கும் சுவிங் ஆர்மின் இரு கைகள், பெயாரிங், இடையில் வரும் குழாய்கள், பிரேக் தட்டு என்று அச்சில் கோத்திருக்கும் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்திருப்பது அதுதான். பிடி தளர்ந்தால், எஞ்சின் செயினை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அச்சு செயின் பக்கமாக முன்னுக்கு நகரப் பார்க்கும். சில்லு கோணலாகும். செயின் பல்லை விட்டுக் கழன்று இடையில் சிக்கினால் பின் சில்லு ஓட்டத்திலேயே இறுகி நின்றுவிடும். கல்லடிப் பாலத்தில் முன்னும் பின்னும் வாகனங்கள் வரும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு நட்டையும் சொல்ல வேண்டும். இதை இன்னும் அதிகம் பேர் மறக்கிறார்கள். டிரம் பிரேக் உள்ள பைக்குகளில், பின் பிரேக் தட்டைச் சுவிங் ஆர்முடன் இணைக்கும் ஒரு தட்டையான இரும்புப் பட்டை உண்டு. சில்லைக் கழற்றும்போது அதையும் கழற்றுவார்கள். அதன் நட்டு கழன்றால், பிரேக் மிதித்த கணமே தட்டு சில்லோடு சேர்ந்து சுழன்று, பிரேக் கம்பியை முறுக்கிச் சில்லை இறுக்கிவிடும். அந்த நட்டும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

வாவிக் கரையில் வாழும் நமக்கு மேலதிகமாக ஒரு ஆபத்தும் உண்டு. குருமண்வெளித் துறையில் படகுப் பாதையில் ஏற்றி இறக்கும் பைக்குகளும், மாரியில் வீதியை மூடும் வெள்ளத்தில் தள்ளிக்கொண்டு போகும் பைக்குகளும் தண்ணீரில் நனைகின்றன. அச்சின் புரியில் கறல் பிடிக்கிறது. கறல் பிடித்த புரியில் நட்டைச் சுற்றும்போது ஸ்பேனர் கனமாக இருக்கும். ‘நல்லா இறுகிட்டுது’ என்று கை சொல்லும். உண்மையில் நாம் கொடுத்த பலம் கறலோடு மல்லுக்கட்டியே முடிந்துபோயிருக்கும். உள்ளே பிடி விழுந்திருக்காது. ஆகவே பூட்டுவதற்கு முன் கம்பித் தூரிகையால் புரியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நைலோன் வளையம் இல்லாத நட்டு கையாலேயே கடைசிவரை சுழன்று போக வேண்டும். போகாவிட்டால் அந்த நட்டை வீசிவிட்டுப் புதியது வாங்குங்கள்.

2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை நாட்டில் வாகன இறக்குமதி நின்றிருந்தது. அதனால் நம்மில் பலர் இன்னும் பழைய பைக்குகளைத்தான் திருத்தித் திருத்தி ஓட்டுகிறோம். ஆனால் ஒரு நட்டின் விலையும் ஸ்பிளிட் பின்னின் விலையும் யாரையும் கடனாளி ஆக்காது. அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

சரியாகப் பூட்டும் முறை இதுதான்.

முதலில் செயினை அளவாக வையுங்கள். எவ்வளவு தொய்வு வேண்டும் என்பது பைக்கின் கையேட்டில் இருக்கும். சிறிய பைக்குகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீற்றர். இரு பக்கமும் சுவிங் ஆர்மில் உள்ள கோடுகள் ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும். அடுத்து, பின் பிரேக்கை ஒருவர் மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் அச்சு நட்டை இறுக்க வேண்டும். அப்போதுதான் பிரேக் தட்டு நடுவில் அமரும். சில வகைப் பைக்குகளில் செயின் பக்கம் இன்னொரு பெரிய நட்டும் உண்டு. செயினை இழுக்கும்போது இரண்டையும் தளர்த்திவிட்டு, இறுக்கும்போது அதை மறந்துவிடுகிறார்கள். அதையும் கேளுங்கள்.

எவ்வளவு இறுக்கம்? கையேட்டில் நியூட்டன் மீற்றரில் எழுதியிருக்கும். சிறிய பைக்குகளுக்கு அது பெரும்பாலும் 50க்கும் 100க்கும் இடையில் வரும். அளந்து இறுக்கும் டோர்க் ரென்ச் இருக்கிற கராஜில் இதைச் செய்வதே நல்லது. இல்லாவிட்டால் கணக்குத் தெரிந்திருக்கட்டும்: 60 நியூட்டன் மீற்றர் என்பது 30 சென்றிமீற்றர் நீளமான ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ 20 கிலோ பாரம் கொடுப்பதற்குச் சமம். உள்ளங்கை அளவு ஸ்பேனரால் அது வராது. அதற்காகக் குழாய் மாட்டி ஏறி மிதிப்பதும் பிழை. புரி உரிந்துபோகும், அச்சு இழுபடும். 2015இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் அமெரிக்காவில் பல்லாயிரம் மோட்டார் சைக்கிள்களைத் திருப்பியழைத்தது, பின் சில்லின் போல்ட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கினால் அவற்றைத் தாங்கும் பாகத்தில் வெடிப்பு விழக்கூடும் என்பதால்தான்.

கிரீடம் போல் வெட்டுகள் உள்ள நட்டு என்றால், ஸ்பிளிட் பின் புதியதாகவே இருக்க வேண்டும். துளை நேருக்கு வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். ஒருபோதும் தளர்த்தி நேராக்கக் கூடாது. நைலோன் வளையம் உள்ள லொக் நட்டு என்றால், கையால் சுழற்றும்போதே வளையம் பிடிக்காமல் வழுக்கினால் அதன் காலம் முடிந்துவிட்டது. கம்பி, ஆணி, பழைய ஊசி எதுவும் வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன்: கம்பி வேண்டாம்.

கடைசியில், நட்டின் மேலிருந்து சுவிங் ஆர்ம் வரை பெயின்றால் ஒரு நேர்கோடு போடுங்கள். நகப்பூச்சும் போதும். தினமும் காலையில் பைக்கை எடுக்கும்போது ஒரு பார்வை. கோடு முறிந்திருந்தால் நட்டு சுழன்றிருக்கிறது, அன்று ஓடாதீர்கள். பூட்டிய பின் முதல் நூறு கிலோமீற்றருக்குள் ஒருமுறை மறுபடி பரிசோதியுங்கள்.

இதை அரசாங்கம் பார்க்கும் என்று நம்பாதீர்கள். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது காப்புறுதியையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் கேட்கிறார்கள். புகைப் பரிசோதனையில் புகையைத்தான் பார்க்கிறார்கள். வீதியில் மறிக்கும் பொலிஸார் தலைக்கவசத்தையும் பத்திரங்களையும் பார்க்கிறார்கள். பின் சில்லைக் குனிந்து பார்க்க எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. ஆண்டுதோறும் பணம் வாங்கும் அரசு, நட்டையும் பிரேக்கையும் ஐந்து நிமிடம் பார்க்க ஏற்பாடு செய்ய முடியாதா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதில் வரும்வரை உங்கள் உயிர் காத்திருக்க முடியாது.

பிழையாகப் பூட்டியதால் விழுந்துவிட்டால் என்ன செய்வது? நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். விழுந்த பைக்கை அன்றே இன்னொரு கடையில் கொடுத்துச் சரிசெய்துவிடுகிறார்கள். அதோடு சான்று எல்லாம் போய்விடுகிறது.

காயம் என்றால் முதலில் 1990, இலவச அம்புலன்ஸ். பிறகு பைக்கை இருந்தபடியே படம் எடுங்கள்: நட்டு, ஊசித் துளை, செயின், பிரேக் பட்டை. கழன்ற துண்டுகளைப் பையில் போட்டு வையுங்கள். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை எடுங்கள். மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்க்க வேண்டிய விபத்தென்றால், அவர் பார்க்கும்வரை எதையும் கழற்ற விடாதீர்கள். வைத்தியசாலைச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் காயத்துக்கோ உங்கள் பைக்குக்கோ காசு தராது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, காசு வாங்கிச் செய்யும் எந்த வேலையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும்; போடும் பொருளும் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். வேலை செய்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று மாதம். அதைத் தாண்டிப் போய் நின்று பயனில்லை.

கடிதத்தில் உங்கள் பெயர், முகவரி, கடையின் பெயர், இடம், வேலை செய்த திகதி, கொடுத்த தொகை, என்ன நடந்தது, என்ன நிவாரணம் வேண்டும் என்பவற்றை எழுதுங்கள். பற்றுச்சீட்டு, படங்கள், பொலிஸ் பிரதி ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். மூலப் பிரதிகளைக் கொடுத்துவிடாதீர்கள். மாவட்ட அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் கிடைத்ததாகக் கையொப்பம் வாங்குங்கள். இல்லையேல் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வழி தெரியாவிட்டால் 1977க்கு அழையுங்கள். தொகைப் பிணக்கைப் பேசித் தீர்க்க மத்தியஸ்த சபையும் இருக்கிறது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை பற்றுச்சீட்டு. டியூப் ஒட்டியதற்கெல்லாம் சீட்டா என்று கடைக்காரர் முகம் சுளிக்கலாம். தயங்காமல் கேட்டு வாங்குங்கள். ஒரு துண்டுத் தாளில் திகதியும் வேலையும் தொகையும் எழுதிக் கையொப்பம் இட்டாலும் போதும். அது இல்லாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் உங்கள் வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சும்.

கடைக்காரத் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை: ஸ்பிளிட் பின் ஒரு பெட்டி வாங்கி வையுங்கள், ஊசி வேண்டிய எந்தப் பைக்கையும் அது இல்லாமல் வெளியே விடாதீர்கள். வாசகர்களே, அடுத்த முறை பின் சில்லு கழற்றப்பட்டால், காசைக் கொடுப்பதற்கு முன் குனிந்து அச்சு நட்டு, ஸ்பிளிட் பின், பிரேக் பட்டையின் நட்டு மூன்றையும் உங்கள் கண்ணால் பாருங்கள். உங்கள் பைக்கில் இருக்க வேண்டியவற்றில் ஒன்று குறைந்தாலும் பைக்கை எடுக்காதீர்கள்.