கட்டணம் குறைந்தது, கவனம் குறையலாமா?

தோட்டப்புறத் தோழர்களே! ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் தொலைபேசி என்பது ஆபிஸ் மேசையிலும் துரை பங்களாவிலும் மட்டும் இருந்த பொருள். உறவில் சாவு என்றால்கூட, கிராணியார் வந்து சொன்னால்தான் நமக்குத் தெரியும். இன்று பேராக்கில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் வயதான தாய் தகப்பன் தனியே இருக்கிறார்கள். குடும்பத்தைச் சேர்த்து வைத்திருப்பது இன்று தொலைபேசிதான்.

அது மலிந்தது நமக்கு நல்லதே. 2015இல் வாட்ஸ்அப்பில் பேசும் வசதி வந்தது முதல், சிங்கப்பூர் மகனோடு பேச வெளிநாட்டுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. நம் குரல் சிறுசிறு துண்டுகளாகி, மற்றத் தகவல்களோடு இன்டர்நெட்டில் ஓடி, அங்கே மறுபடி குரலாகிறது. தனித் தடம் வேண்டாம், அதனால்தான் மலிவு.

ஆனால் மூன்று விஷயங்களை நாம் மறக்கக் கூடாது.

முதலாவது, அவசரம். வாட்ஸ்அப்பில் 999ஐ அழைக்க முடியாது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபர் வழி வரும் வீட்டுத் தொலைபேசி, கரண்ட் போனால் கூடவே நின்னுடும். ஆகவே காற்று மழைக் காலத்தில் சார்ஜ் போட்ட கைத்தொலைபேசி ஒன்று வீட்டில் இருக்கணும்.

இரண்டாவது, அழைப்பைத் திருப்பிவிடும் வசதி. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தால், அவர் எண்ணுக்கு வரும் அழைப்பை மகளின் தொலைபேசியில் மணியடிக்கச் செய்யலாம். *21* என்று அடித்து, மகளின் எண்ணையும் கடைசியில் # குறியையும் போட்டு அழைத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. திருப்பிய பகுதிக்கான கட்டணம் வழக்கமாகத் திருப்பிவிட்டவர் கணக்கில்தான் விழும்.

மூன்றாவதுதான் முக்கியம். இந்த வசதியையே திருடன் பயன்படுத்துகிறான். "ஐயா, உங்க லைன்ல கோளாறு, நான் சொல்ற நம்பரை அமுக்குங்க" என்பான். அமுக்கினால் நமக்கு வரும் அழைப்புகள் அவனுக்குப் போகும். பிறகு நம் எண்ணை வைத்து வாட்ஸ்அப்பைத் தன் கருவியில் திறப்பான். உறுதி எண்ணைக் குரலில் சொல்லும் அழைப்பும் அவனுக்கே போகும். அப்புறம் நம் பெயரில் மாமனுக்கும் மச்சானுக்கும் "அவசரம், பணம் அனுப்புங்க" என்று செய்தி போகும். இந்தியாவில் இந்த மோசடி மிகுந்ததால், *401# முறையில் அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி அரசாங்கமே உத்தரவிட்டது.

மலிவான இன்டர்நெட் தொலைபேசி மோசடிக்காரனுக்கும் மலிவுதான். போலீஸ் நிலையத்து எண்ணையே நம் திரையில் தெரியவைத்துக் கைது என்று மிரட்டுவான். 55 வயதில் கைக்கு வரும் ஊழியர் சேமநிதிப் பணம், ஆயுள் முழுக்கப் பால்மரம் சீவிச் சேர்த்தது. ஒரே நாளில் அதை ஏமாந்து விடலாமா?

செய்ய வேண்டியது இதுதான். யார் சொன்னாலும் * அல்லது # குறியுள்ள எண்ணை அமுக்காதீர்கள். அழைப்புகள் திரும்புகின்றனவா என்று பார்க்க *#21#. எல்லாத் திருப்பலையும் ரத்து செய்ய ##002#. வாட்ஸ்அப்பில் இரண்டாம் பூட்டாக ஆறு இலக்க ரகசிய எண் போட்டு வையுங்கள். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு ஒளிக்காமல், உடனே 997ஐ அழையுங்கள். 2022இல் அமைந்த தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது. போலீசும் பேங்க் நெகாராவும் அதில் சேர்ந்து வேலை செய்கின்றன. நேரம் கடந்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

கோயில் திடலிலும் கிளைக் கூட்டத்திலும் இதைப் பேசுவோம். படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டுச் சுவரில் இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக் கொடுங்கள், தோழர்களே!