நாயைப் பழக்குமுன்

நாய் நன்றியுள்ள பிராணி என்று நம் பிள்ளைகளுக்குச் சிறு வகுப்பிலேயே கற்பித்துவிடுகிறோம். அந்த நன்றிக்கு உரியவராய் நடந்துகொள்வது எங்ஙனம் என்பதை மட்டும் நாம் கற்பதில்லை.

பூண்டுலோயாத் தோட்டங்களைப் பாருங்கள். லயத்தின் ஒரு வாசலில் வளரும் குட்டி, அந்த லயம் முழுவதற்குமே சொந்தம். ஒரு வீட்டில் அதற்கு ரொட்டித் துண்டு கிடைக்கும். அடுத்த வீட்டிலிருந்து விறகுக்கட்டை பறந்து வரும். மாலையில் அது மேலே பாயும்போது சிரித்து மகிழும் சிறுவன், காலையில் வெள்ளைச் சட்டையுடன் பாடசாலைக்குப் புறப்படுகையில் பாய்ந்தால் உதைக்கிறான். குட்டி எதைத்தான் கற்கும்? மனிதரை நம்பலாகாது என்பதைத்தான்!

உணவுக்கு முன் ஓர் ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்பித்தால், பின்னர் அவ்வோசை மாத்திரமே நாயின் வாயில் நீரூறச் செய்யும் என்று ருஷ்ய அறிஞர் பவ்லோவ் காட்டினார். அடுத்தடுத்து நிகழ்பவற்றையே நாய் இணைத்துக் கொள்கிறது. ஆகவே, காலையில் கடித்த செருப்புக்காக, மாலையில் வேலை முடிந்து வந்து அடிப்பதால் பயனில்லை. அது செருப்பை நினையாது; வீடு திரும்பும் நம்மைக் கண்டு நடுங்கவே பழகும். அந்நடுக்கத்தைக் குற்றவுணர்வு என்று நாம் கருதிவிடுகிறோம்.

பிறந்த 3ஆம் கிழமை முதல் 12ஆம் கிழமை வரையுள்ள பருவமே குட்டி மனிதருடன் உறவு கொள்ளப் பழகும் முக்கிய பருவம் என்று அமெரிக்க ஆய்வாளர்களான ஸ்கொட், புல்லர் ஆகியோர் 1965இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தனர். அப்பருவத்தில் அச்சத்தை ஊட்டினால், பின்னாளில் கூடையுடன் கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்கள்மீதும், பாதையில் ஓடும் பிள்ளைகள்மீதும் அது பாய்ந்து கடிக்கக்கூடும். விசர்நாய்க்கடி நோயோ, அறிகுறி தோன்றிய பின் பெரும்பாலும் உயிரைக் கொண்டே போகும். ஆண்டுதோறும் நாய்க்குத் தடுப்பூசி போடுவித்தல் நம் கடமை. கடியுண்டவரை உடனே காயத்தைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவி ஆஸ்பத்திரிக்கு அனுப்புதலும் கடமை.

பழக்கும் முறை எளிது. வீட்டார் அனைவரும் ஒரே சொல்லை வழங்குக. சொன்னபடி செய்த கணமே ஒரு துண்டு உணவும் ஒரு தட்டிக்கொடுப்பும் அளியுங்கள். சில நிமிடங்களில் பாடத்தை முடியுங்கள். சினம் வந்தால் அன்றைய பாடத்தை நிறுத்திவிடுங்கள்.

நாய்க்கு ‘இரு’ என்று சொல்லுமுன், நம் கோபத்துக்கு அதனைச் சொல்லிப் பழகுவோமாக.