விகாரமும் நொதியமும்

தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரம் மூவகைப்படும். முப்பதாண்டுகளுக்கு மேலாக இதனைக் கரும்பலகையில் எழுதி வருகின்றேன். எமது பிராசீன பாடசாலைக்கு மாலை வேளைகளில் இலக்கணங் கேட்க வரும் விஞ்ஞான மாணவன் ஒருவன், "ஐயா, எங்கள் உயிரியற் புத்தகத்திலும் விகாரம் உண்டு. இரண்டும் ஒன்றோ?" என வினவினான். சொல் ஒன்று, பொருள் வேறு என்று கூறி அனுப்பிவிட்டேன். அது அவசரத்தில் இறுத்த விடை என்பது, மறுமுறை அவன் கொணர்ந்த செய்தியைக் கேட்டபோதே புலனாயிற்று.

சேற்றிலும் நீரிலும் வாழும் பற்றீரியா ஒன்றுண்டு. பெயர் ரொடோசூடோமோனாஸ் பலஸ்ட்ரிஸ். ஈற்றுச் சொல் இலத்தீனிற் சதுப்புக்குரியது எனப் பொருள்படும். பெயரிட்டோர் இடவாகுபெயரை அறிந்தவர் போலும்! அது ஒளியிலிருந்து சக்தி பெறும். ஆயினும் செடிகளைப் போல ஒட்சிசனை வெளிவிடாது. இதுவே வாய்ப்பாயிற்று. ஏனெனில், நைதரசனை அமோனியாவாக்கும் நைதரசனேசு என்னும் அதன் நொதியம் ஒட்சிசன் பட்டாற் கெட்டுவிடும்.

நொதியமாவது, அமினோவமிலங்கள் என்னும் 20 எழுத்துக்களால் எழுதப்பெற்ற மிக நீண்ட சொல் எனலாம். 2016 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக் கரோலின் ஹார்வூட் அம்மையாரும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வில், இந்நொதியத்தின் புரதச் சங்கிலி ஒன்றில் 75 ஆம் இடத்து வலீன் அலனீனாகவும், 201 ஆம் இடத்து இஸ்ரிடீன் குளூட்டமீனாகவும் மாற்றப்பட்டிருந்தன. இரண்டே எழுத்துத் திரிபு. நைதரசனைப் பற்றும் நொதியம் காபனீரொட்சைட்டைப் பற்றி மெதேன் என்னும் எரிவாயுவை ஆக்கலாயிற்று! மெதேன் ஆக்கும் பிற நுண்ணுயிர்கள் பல நொதியங்களைக் கொண்டு படிப்படியாய்ச் செய்வதை இஃது ஒன்றே செய்தது.

மண்குடம் மட்குடமானாலும் குடம் குடமே. கலம் களமானாலோ பொருளே வேறு. இங்கு நிகழ்ந்தது பின்னதைச் சாரும். ஆகவே மாணவனுக்கு யான் கூறியதிற் பாதி பிழை, பாதி சரி.

கிடைத்த மெதேன் சிறிதே. ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூறு மெதேனாவதற்கு 8 இலத்திரன்கள் வேண்டும். நொதியத்தை அடைந்தவற்றுட் பெரும்பங்கு ஐதரசனாகிப் போயிற்று. "அடுப்பெரிக்க இன்னும் காலம் ஆகும், ஐயா" என்று நகைத்தான் அவன்.

2018 இல் வந்த மற்றோர் ஆய்வே என்னைப் பெரிதும் கவர்ந்தது. மொலித்தனம் இன்றி இரும்பை மாத்திரம் கொண்ட நைதரசனேசு ஒன்று இவ்வுயிரிடம் இயல்பாகவே உண்டு. அஃது எவ்வித மாற்றமுமின்றியே மெதேன் ஆக்குகின்றதாம். புதுச்சொல் படைத்தோம் என்றிருந்த புலவர், அச்சொல்லை ஊர்வழக்கிற் கேட்டாற் போலாயிற்று.

அடுத்த கிழமை திரிதல் பாடம். மட்குடத்தின் அருகே வலீனையும் எழுதுவதாக இருக்கின்றேன், வித்தியாதரிசி வராதிருப்பாராக.