சனிக்கிழமைப் பட்டுவாடா

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். சாயங்காலம் ஓவர்லாக், பேட்லாக் மெஷின்கள் நின்றதும் பனியன் கம்பெனி வாசலில் வரிசை கட்டிவிடுவார்கள். எத்தனை ஷிப்ட், எத்தனை பீஸ், அட்வான்ஸ் பிடித்தது போக மீதி எவ்வளவு என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் ஏற்கெனவே கூட்டி வைத்திருப்பார்கள். மறுநாள் காலை சர்ச்சில் முதலாளியும் டெய்லரும் ஒரே ஆராதனையில் உட்காருவதும் உண்டு. அந்த முதலாளியின் விசுவாசம் எப்படிப்பட்டது என்று டெய்லருக்கு முந்தின நாளே தெரிந்திருக்கும்.

கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்கக்கூடாது என்பது லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தின் கட்டளை. அறுப்பு அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்த கூலியே கடவுளிடம் முறையிடும் என்று பணக்காரர்களை எச்சரிக்கிறார் யாக்கோபு. என்னை அதிகம் உலுக்குவது 15-ஆம் சங்கீதம்தான். கடவுளின் கூடாரத்தில் தங்கத் தகுதியானவர் யார் என்று சொல்லும்போது, தனக்கு நஷ்டம் வந்தாலும் கொடுத்த வாக்கை மாற்றாதவரையும் அது சேர்க்கிறது. 2022 மே மாதம் ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. பழைய ரேட்டுக்கு ஆர்டர் எடுத்தவர்கள் தூக்கமில்லாமல் தவித்தார்கள். லாபத்தில் வாக்கைக் காப்பாற்ற யாராலும் முடியும். சங்கீதம் அதைக் கேட்பது இந்த மாதிரி மாதத்தில்.

பக்கத்துத் தறி ஊர்களில் நடந்ததை மறக்க முடியவில்லை. பாவு நூல் வாங்கி நெய்து கொடுக்கும் கூலித் தறிக்காரர்களுக்கு, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் மற்ற ரகங்களுக்கு 20 சதவீதமும் கூலி உயர்வு என்று 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் பேசி முடித்தார்கள். அந்தக் கூலி கைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றன. வாரக்கணக்கில் நின்றன. கரண்ட் பில்லும் லோன் தவணையும் மட்டும் நிற்கவில்லை. 2025-லும் கூலிக்காக மறுபடி வேலைநிறுத்தம். ஜவுளி உற்பத்தியாளர்களுக்கும் நெருக்கடி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பேசி முடித்த தொகையை நம்பிப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியவருக்கு அது என்ன ஆறுதல்?

பழமையான ஜெபமாலை அன்னை ஆலயம் இருக்கும் கருமத்தம்பட்டி, சோமனூருக்குப் பக்கத்து ஊர். தறிச் சத்தம் கேட்கும் தூரத்தில்தான் அங்கே ஜெபம் நடக்கிறது. கூலியைப் பற்றி அங்கே பிரசங்கம் செய்தால் அது வெளி விஷயம் ஆகாது.

சுமங்கலித் திட்டம் தறிக்காரர்களுக்கு நடந்ததைவிடக் கொடுமை. மூன்று வருஷம் மில்லில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி ஏழைப் பெண்களைக் கூட்டி வந்தார்கள். உடம்பு முடியாமல் நடுவில் திரும்பிய பலருக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை.

வரி வசூலிக்கும் சகேயு இயேசுவை வீட்டுக்குள் வரவேற்ற அன்று முதலில் பேசியது கணக்கு: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நான்கு மடங்காகத் திரும்ப. அதன் பிறகே அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக லூக்கா எழுதுகிறார். நம் சபைக் கமிட்டிகளுக்கு இதிலிருந்து ஒரு வேலை இருக்கிறது. கட்டட நிதிக்குப் பெரிய தொகையோடு ஒரு கம்பெனி முதலாளி வந்தால், ரசீது எழுதுமுன் கேளுங்கள்: போன தீபாவளிக்குச் சொன்ன போனஸை முழுசாகக் கொடுத்தாயிற்றா? கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள்காரருக்குப் பாக்கி உண்டா? இருந்தால், காணிக்கையை அவரிடமே திருப்பிக் கொடுத்து, முதலில் அங்கே தீர்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். கட்டடம் ஒரு வருஷம் தாமதமாக எழும்பட்டும்.