சினை ஆட்டின் ரத்தத்தை குடிக்கும் புழு: குட்டி போடும் முன் உஷார்!

மழைக்குப் பின் தளிர்க்கும் புல்லில்தான் ஆபத்து. நுனியில் ஏறி நிற்கும் புழு, மேயும் ஆட்டின் வயிற்றுக்குள் போய் ரத்தத்தை உறிஞ்சுகிறது.

ஆட்டின் சினைக்காலம் 5 மாதம். குட்டி போடும் நாள் நெருங்கும்போது எதிர்ப்பு சக்தி குறைவதால் புழு பெருகும். புழுக்கை வழியாக முட்டை தரையில் விழ, பின்னாடி மேயும் குட்டிக்கும் புழு தொற்றும்.

கழிச்சல் இருக்கணும்னு இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். தாடைக்கு கீழே நீர் கோத்து வீங்கும். குட்டி நோஞ்சானாக பிறக்கும். கவனிக்காவிட்டால் தாய் ஆடே செத்துப்போகும்.

அதற்காக கடையில் கிடைத்த பூச்சி மருந்தை ஊற்றிவிடக்கூடாது. அல்பெண்டசோல் மருந்தை சினை பிடித்த முதல் மாதத்தில் கொடுத்தால் கருவே பாதிக்கப்படலாம். எத்தனை மாத சினை என்று சொல்லி, கால்நடை டாக்டரிடம் மருந்து வாங்கணும். காலையில் பனி காய்ந்த பிறகே மேய்ச்சலுக்கு ஓட்டுவது நல்லது.