டிராக்டருக்கு ஆயில் மீட்டரும் ஹீட் மீட்டரும் பொருத்தும் முறை

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் கிணற்றுப் பாசனம் செய்யும் விவசாயி, வோல்ட் மீட்டரைப் பார்க்காமல் மோட்டாரைப் போடமாட்டார். முள் 350-க்குக் கீழே நின்றால் காயில் கருகும் என்பது அவருக்குத் தெரியும். 1932-ல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதைத் தொடர்ந்து இப்பகுதிக்கு மின்சாரம் வந்து, கிணறுகளில் மோட்டார்கள் பெருகின. மோட்டார் அறைச் சுவரிலுள்ள மீட்டரைப் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது. ஆனால் மோட்டாரைவிடப் பல மடங்கு விலையுள்ள டிராக்டரில் ஏறியதும் அந்தப் பழக்கம் மறந்துபோகிறது. பழைய டிராக்டர்கள் பலவற்றில் ஆயில் மீட்டரின் முள் எந்நேரமும் ஒரே இடத்தில் நிற்கும். ஹீட் மீட்டரின் ஒயர் எப்போதோ அறுந்திருக்கும். கடன் வாங்கிப் பழைய டிராக்டர் எடுத்த சிறு விவசாயிகளுக்கு இதனால் நேரும் நஷ்டம் சிறியதல்ல. கிராங்க் கடைசல், பேரிங், போர் வேலை என்று எஞ்சின் இறங்கினால் பல பத்தாயிரம் ரூபாய் செலவாகும். உழவுப் பருவமும் கைவிட்டுப் போகும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் இரண்டு மீட்டர்களை முறையாகப் பொருத்தினால் இந்த நஷ்டத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

சிவப்பு விளக்கு போதாதா?

சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணையும் சிவப்பு விளக்கு இருக்கிறதே, தனியாக மீட்டர் எதற்கு என்று கேட்கலாம். அந்த விளக்கு பொதுவாக ஆயில் அழுத்தம் அரை கிலோ அளவுக்கு இறங்கிய பிறகே எரியும். அதற்குள் பேரிங் உரசத் தொடங்கியிருக்கும். மூன்று கிலோ காட்ட வேண்டிய எஞ்சின் ஒன்றரை கிலோவில் ஓடினாலும் விளக்கு அணைந்தேதான் இருக்கும்.

சொட்டுநீர் அமைத்துள்ளவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மெயின் பைப்பில் அழுத்தம் சரியாக இருந்தால்தான் கடைசி வரிசைச் செடிக்கும் நீர் போகும். நடுவில் ஒரு குழாய் விட்டுப்போனால் பில்டர் அருகிலுள்ள கேஜில் முள் இறங்கும், கடைவரிசை காயும். எஞ்சினிலும் இப்படியே. அடியிலுள்ள சம்ப்பிலிருந்து ஆயிலை ஆயில் பம்ப் உறிஞ்சி, பில்டர் வழியாகக் கிராங்க் பேரிங்குகளுக்கும் மேலே ராக்கர் வரைக்கும் தள்ளுகிறது. பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால் ஆயில் அங்கேயே வழிந்துவிடும், அழுத்தம் குறையும். பம்ப் தேய்ந்தாலும், ஆயில் குறைந்தாலும், சூட்டில் ஆயில் நீர்த்துப்போனாலும் இதே கதிதான். ஆகவே ஆயில் மீட்டரையும் ஹீட் மீட்டரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று பாதி செய்தியைத்தான் சொல்லும்.

உழவைவிட, நின்ற இடத்தில் ஓடும் வேலையில்தான் எஞ்சின் அதிகம் சூடாகிறது. கிணறு ஆழப்படுத்தக் கம்ப்ரசர் ஓட்டும் டிராக்டர், உடுமலை, பல்லடம் பக்கங்களில் மக்காச்சோளம் அடிக்கும் டிராக்டர் ஆகியவை மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். மக்காச்சோளத் தூசி ரேடியேட்டர் வலையை அடைத்துவிட்டால் காற்று புகாது. ஓட்டுநர் அப்போது மிஷின் பக்கத்தில் நிற்பார், சூடு ஏறுவது அவர் கண்ணில் படாது. மீட்டரை அவர் நிற்கும் இடத்திலிருந்தும் தெரியும்படி பொருத்திக்கொள்வது நல்லது.

எந்த மீட்டர்?

ஆயில் அழுத்தத்துக்கு இரு வகை மீட்டர்கள் உண்டு. ஒன்றில் சிறு குழாய் வழியாக ஆயிலே மீட்டருக்கு வரும். மற்றதில் எஞ்சினிலுள்ள சென்சாரிலிருந்து ஒயர் மட்டும் வரும். பேட்டரியும் ஒயரிங்கும் நம்ப முடியாத பழைய டிராக்டருக்கு முதல் வகையே ஏற்றது. ஒயர் வகை வாங்கினால் மீட்டரும் சென்சாரும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். ஒரு கம்பெனி மீட்டருக்கு வேறு கம்பெனி சென்சாரைப் போட்டால் முள் ஏதோ ஒன்றைக் காட்டும், அது உண்மையாக இராது. கியாரண்டி முடியாத புது டிராக்டரில் டீலரைக் கேட்காமல் எதையும் கழற்ற வேண்டாம்.

ஹீட் மீட்டரை வாங்கியதும் பொருத்துமுன் சோதித்துவிடலாம். கொதிக்கும் தண்ணீரில் அதன் குமிழை நன்றாக மூழ்கவைத்துப் பார்க்க வேண்டும். கோவை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 100 டிகிரிக்குச் சற்று முன்பே, 98 அல்லது 99-ல் கொதித்துவிடும். மீட்டர் அந்த அளவைக் காட்டினால் நம்பி வாங்கலாம். 85 காட்டினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

பொருத்துவது

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சாவியை எடுத்து, பேட்டரி எர்த் ஒயரைக் கழற்றி, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ஆயில் பில்டர் அருகே எஞ்சின் பிளாக்கில் ஒற்றை ஒயருடன் இருப்பதுதான் சிவப்பு விளக்கின் சுவிட்ச். அதைக் கழற்றி, அந்த இடத்தில் பித்தளை டி-ஜாயிண்ட் போட்டு, ஒரு வாயில் பழைய சுவிட்சையும் மறு வாயில் மீட்டர் குழாயையும் இணைக்க வேண்டும். விளக்கை எடுத்துவிடக்கூடாது, இரண்டும் இருக்கட்டும். மரை விஷயத்தில் அவசரம் கூடாது. அரைக்கால் அங்குல மரையிலேயே இரண்டு வகை உண்டு, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கையால் நாலைந்து சுற்று தாராளமாக ஏறாத ஜாயிண்டை ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும். சுவிட்சைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவதே சரி.

டெப்லான் டேப்பை முதல் மரையை விட்டுத்தான் சுற்ற வேண்டும். முனையில் தொங்கும் டேப் துண்டு உள்ளே போய் ஆயில் வழியை அடைக்கும். ஒயர் வகைச் சென்சார்கள் பலவற்றுக்கு எஞ்சின் பிளாக்கே எர்த். அவற்றில் டேப்பைக் கனமாகச் சுற்றினால் எர்த் கிடைக்காமல் மீட்டர் தவறாகக் காட்டும்.

குழாய் ஓடும் வழியில்தான் முழுக் கவனமும் வேண்டும். டிராக்டரின் அதிர்வில் நேராக இழுத்துக் கட்டிய செம்புக் குழாய் சில மாதங்களில் கழுத்தில் ஒடியும். இரண்டு மூன்று சுருள் விட்டு, பிறகு கிளிப்பில் பிடித்துக் கொண்டுபோக வேண்டும். டேஷ்போர்டுத் தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம். சைலன்சர் மேனிபோல்டு பக்கம் குழாய் போகவே கூடாது. அங்கே நைலான் குழாய் உருகும். செம்புக் குழாய் ஒடிந்தாலும் பீறிடும் ஆயில் சூடான இரும்பில் பட்டுத் தீப்பிடிக்கும், சம்ப்பும் விரைவில் காலியாகும். மெக்கானிக் இந்த இடத்தில் சுருக்கு வழி தேடினால் விவசாயி விடக்கூடாது.

ஹீட் மீட்டரின் குமிழ், சிலிண்டர் ஹெட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில், தெர்மோஸ்டாட்டுக்கு எஞ்சின் பக்கமாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் பக்கம் வைத்தால் தெர்மோஸ்டாட் திறக்காதபோது எஞ்சின் கொதித்தாலும் மீட்டர் குளிர்ச்சியையே காட்டும். குமிழிலிருந்து வரும் மெல்லிய குழாயை வெட்டவோ மடக்கவோ கூடாது. மீதம் இருந்தால் வட்டமாகச் சுருட்டிக் கட்டலாம்.

பழைய ஐஷர் டிராக்டர்களில் உள்ளதுபோன்ற ஏர்கூல் எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. அங்கே ஆயிலின் சூட்டைத்தான் பார்க்க வேண்டும். டிரெயின் போல்ட்டில் சென்சார் வைக்கும் பழக்கம் உண்டு. ஆனால் வயலில் கல்லும் கரும்புக் கட்டையும் அதில் இடிக்கும். சம்ப்பின் பக்கவாட்டில் வசதியான பிளக் இருந்தால் அதுவே பாதுகாப்பு. ஆயில் சூடு 90 முதல் 110 டிகிரிவரை இருப்பது இயல்பு. 120-ஐத் தாண்டினால் லோடைக் குறைக்க வேண்டும்.

முள் சொல்வது

மீட்டரில் கிலோ, பவுண்டு இரண்டும் குறித்திருக்கும். ஒரு கிலோ ஏறத்தாழ 14 பவுண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் உயரமாக நிற்கும், அதைப் பார்த்து மகிழ வேண்டியதில்லை. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த எஞ்சினும் அப்போது நன்றாகவே காட்டும். அரை மணி நேரம் உழுத பிறகு பார்க்கும் அளவே உண்மை. பெரும்பாலான டிராக்டர்களில் அப்போது வேலை வேகத்தில் 2 முதல் 4 கிலோவரையும், ஸ்லோவில் 1 கிலோ அளவிலும் நிற்கும். கம்பெனிப் புத்தகம் இருந்தால் அதிலுள்ள அளவே முடிவானது. முதல் சில நாட்கள் சூடான அளவுகளைக் குறித்து, மட்கார்டின் உட்புறம் பெயிண்டால் எழுதி வைத்தால் பின்னால் ஒப்பிட உதவும். பழைய டிராக்டர் வாங்கப் போகிறவரும் இதை மறக்கக்கூடாது. கெட்டியான ஆயிலை ஊற்றி அழுத்தத்தைக் கூட்டிக் காட்டி விற்பவர்கள் உண்டு. ஒரு மணி நேரம் உழுது காட்டச் சொன்னால் முள்ளே குட்டை உடைத்துவிடும்.

மாதக் கணக்கில் முள் மெல்ல இறங்கினால் தேய்மானம். ஓரிரு நாளில் இறங்கினால் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். ஆயில் மட்டம் குறையாமல் கூடியிருந்து, டீசல் வாடையும் அடித்தால் ஆயிலில் டீசல் கலக்கிறது. மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலக்கிறது. இரண்டிலும் ஆயிலை மாற்றுவது மட்டும் போதாது, கலக்கும் வழியை அடைக்க வேண்டும்.

தண்ணீர்ச் சூடு 80 முதல் 95 வரை சரி. 100-ஐ நெருங்கினால் லோடை நீக்கி, எஞ்சினைச் சில நிமிடம் ஸ்லோவில் ஓடவிட்டு, பிறகு நிறுத்த வேண்டும். உடனே நிறுத்தினால் சூடு ஹெட்டிலேயே தங்கிவிடும். பேன் பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் ஒழுகினாலோ மட்டும் தாமதம் கூடாது. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். இன்னொன்றும் உண்டு: தண்ணீர் முழுவதும் ஒழுகிவிட்டால் குமிழ் நீரில் நனையாது. ஏறிக்கொண்டிருந்த முள் அப்போது திடீரென இறங்கும். சூடு குறைந்தது என்று எண்ணி மீண்டும் ஓட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

ஆயில் அழுத்தம் திடீரென விழுந்தால் இந்த நிதானம் எதுவும் கூடாது. சால் முடியட்டும் என்று காத்திராமல், அந்த நொடியே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். மீட்டர் பழுதா, எஞ்சின் பழுதா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பொருத்திப் பத்து மணி நேரம் ஓடிய பிறகு ஜாயிண்டுகளைத் துடைத்து, கசிவு இருக்கிறதா என்று பார்த்து இறுக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் குழாயையும் கிளிப்புகளையும் கையால் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது.