ஸ்ட்ரெச் பிலிம்: எடை பார்த்து வாங்குங்கள், இடம் அறிந்து சுற்றுங்கள்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். ஒரு புறம் சென்னை நகருக்குக் குடிநீர் தரும் ஏரியும், அதைச் சுற்றி நெல், கீரை, காய்கறி விளையும் நிலங்களும் உள்ளன. மறுபுறம் கும்மிடிப்பூண்டி வரை கிடங்குகளும் தொழிற்சாலைகளும் பெருகிவிட்டன. அந்தக் கிடங்குகளில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி, கண்ணாடி போன்ற மெல்லிய தாளால் சுற்றி வைத்திருப்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். அதுதான் ஸ்ட்ரெச் பிலிம். உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் கடலை, மண்புழு உரம், செக்கு எண்ணெய் முதலியவற்றைக் கிடங்குகளுக்கு அனுப்பத் தொடங்கியபின், இது நம் களத்துக்கும் வந்துவிட்டது. விவரம் அறியாமல் வாங்கினால் கைப்பொருள் வீணாகும். தவறான இடத்தில் சுற்றினால் விளைபொருளும் வீணாகும்.

எப்படி வேலை செய்கிறது?

இது பாலித்தீன் வகையைச் சேர்ந்த தாள். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கும் விசைதான் பெட்டிகளை இறுக்கிப் பிடிக்கிறது. தாளோடு தாள் தானாகவே ஒட்டிக்கொள்வதால் பசையோ கயிறோ தேவையில்லை. ஆகவே, இழுக்காமல் தளர்வாகச் சுற்றினால் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பயனில்லை.

எடைக் கணக்கு

கையால் சுற்றும் ரோல் பெரும்பாலும் அரை மீட்டர் அகலமும் 23 மைக்ரான் கனமும் உடையது. ரோலின் நடுவே அட்டைக் குழல் ஒன்று இருக்கும். ஏமாற்றம் இந்தக் குழலில்தான் தொடங்குகிறது.

இரண்டு ரோல்கள், இரண்டும் 3 கிலோ, விலை ரூ.450 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் குழல் 300 கிராம். பிலிம் 2 கிலோ 700 கிராம். மற்றதில் குழல் 1 கிலோ. பிலிம் 2 கிலோதான். முதல் ரோலில் பிலிம் கிலோ ரூ.167 ஆகிறது, இரண்டாவதில் ரூ.225 ஆகிறது. எனவே குழல் நீங்கலான எடையைக் கேட்டு, அதைப் பில்லில் எழுதச் சொல்லி வாங்க வேண்டும். தீர்ந்துபோன ரோலின் குழலை ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

நீளத்தையும் கனத்தையும் சரிபார்க்க எளிய வழி உண்டு. அகலத்தை மீட்டரிலும், நீளத்தை மீட்டரிலும், கனத்தை மைக்ரானிலும் எடுத்துப் பெருக்கி, வரும் தொகையை 0.92 ஆல் பெருக்கினால் பிலிமின் எடை கிராமில் கிடைக்கும். அரை மீட்டர் அகலம், 300 மீட்டர் நீளம், 23 மைக்ரான் கனம் என்றால் சுமார் 3 கிலோ 170 கிராம் இருக்க வேண்டும். தராசில் 2 கிலோதான் நின்றால், நீளம் 190 மீட்டருக்கு மேல் இராது. அல்லது கனம் 15 மைக்ரானுக்கும் குறைவு. இரண்டில் ஒன்று பொய்.

கனம் குறைந்ததெல்லாம் மட்டம் என்றும் சொல்வதற்கில்லை. கடையிலேயே ஒரு முழம் இழுத்துப் பாருங்கள். ஒன்றரை மடங்கு நீண்டும் கிழியாமல் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் உடனே ஓட்டை விழக்கூடாது. ரோலின் ஓரங்களில் வெட்டுக்காயம் இருந்தால் வாங்க வேண்டாம். சுற்றும்போது அந்த இடத்தில்தான் கிழியும்.

சுற்றும் முறை

பெட்டிகளைப் பேலட் பலகையின் விளிம்பைத் தாண்டாமல், கனமானவை அடியில் வருமாறு அடுக்க வேண்டும். பிலிமின் நுனியைப் பலகையின் மூலையில் முடிந்து, பலகையையும் பெட்டிகளையும் சேர்த்து அடியில் மூன்று சுற்று சுற்ற வேண்டும். பலகையைச் சேர்க்காவிட்டால் வண்டி வளையும்போது அடுக்கு முழுவதும் நழுவும். பிறகு ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடுமாறு மேலே ஏறி, உச்சியில் மூன்று சுற்று கொடுத்து, அவ்வாறே கீழே இறங்க வேண்டும்.

1.2 மீட்டருக்கு 1 மீட்டர் பலகையில் ஒன்றரை மீட்டர் உயர அடுக்குக்கு ஏறத்தாழ 16 சுற்று பிடிக்கும். அதாவது 70 மீட்டர். ஒன்றரை மடங்கு இழுத்துச் சுற்றினால் ரோலில் 47 மீட்டர், எடையில் அரை கிலோதான் செலவாகும். 200 மீட்டர் ரோல் ஒன்று நான்கு அடுக்குக்கு வரும். மாதத்துக்கு எத்தனை அடுக்கு அனுப்புகிறோம் என்று இதை வைத்துக் கணக்கிட்டு வாங்கலாம். கோயம்பேட்டுக்கு நாலு மூட்டை அனுப்புபவருக்கு இது தேவையே இல்லை, கயிறே போதும்.

எங்கே சுற்றக்கூடாது?

பறித்த காய்கறி, கீரை, மல்லிகை எல்லாம் மூச்சு விடுபவை. அவற்றைச் சுற்றிப் பிலிமால் மூடினால் உள்ளே சூடும் நீர்த்துளியும் சேர்ந்து, விடிவதற்குள் அழுகல் தொடங்கும். காய்கறிக் கிரேட்டுகளைப் பட்டையாலோ, காற்றுப் புகும் வலையாலோ கட்டுவதே முறை. மேலும், உணவுப் பொருளைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் தமிழ்நாட்டில் 1-1-2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஈர நெல் மூட்டைகளைச் சுற்றுவதும் தவறு. ஈரம் வெளியேற வழியின்றி நெல் புழுங்கிப் பூசணம் பிடிக்கும். மழைக்குத் தார்ப்பாய்தான் ஏற்றது. சாதாரணப் பிலிமுக்கு வெயில் தாங்கும் சக்தி இல்லை. களத்தில் கிடந்தால் சில வாரங்களில் நொறுங்கத் தொடங்கும்.

தொழிற்சாலைகளில் கழித்துப் போட்ட பழைய பிலிம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கித் தீவனத்தின் மேலும் விதையின் மேலும் போடுவோர் உண்டு. அதில் என்ன ரசாயனம் பட்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தவிர்ப்பது நலம்.

ஊறுகாய்ப் புல்லுக்கு

பசுந்தீவனத்தைக் கட்டாகக் கட்டி ஊறுகாய்ப் புல் தயாரிக்க விரும்புவோர் சாதாரணப் பிலிமை வாங்கக்கூடாது. வெயில் தாங்கும் 25 மைக்ரான் தனிவகைப் பிலிம் இருக்கிறது. அதை எங்கும் நான்கு முதல் ஆறு அடுக்கு வருமாறு சுற்ற வேண்டும். ஓர் ஊசித் துளை இருந்தாலும் காற்றுப் புகுந்து பூசணம் பிடிக்கும். எலியும் காக்கையும் போட்ட ஓட்டையை அன்றே ஒட்டிவிட வேண்டும்.

மாட்டின் வயிறு

கடைசியாக, மிக முக்கியமானது ஒன்று. பிரித்தெடுத்த பிலிமைக் களத்தில் விட்டால், தீவன வாசனைக்கு மாடு அதை மென்று விழுங்கும். அது செரிக்காது, வெளியேறவும் செய்யாது. அசையூண் பையில் சுருண்டு அடைத்து, மாடு தீவனம் எடுக்காமல் வயிறு உப்பி நிற்கும். பிறகு அறுவைச் சிகிச்சைதான் வழி. அரை கிலோ பிலிமுக்காகக் கறவை மாட்டை இழக்க வேண்டாம். பிரித்த உடனே சாக்கில் திணித்துக் கட்டி, பழைய பொருள் வாங்குபவரிடம் போட்டுவிடுங்கள். எரிக்க வேண்டாம், உழவில் மண்ணோடு மடக்கவும் வேண்டாம்.

அளந்து வாங்கி, இழுத்துச் சுற்றி, பிரித்ததும் அப்புறப்படுத்தினால் ஸ்ட்ரெச் பிலிம் சிறு உழவருக்கும் உதவும் பொருளே.